மொய் நோட்டில் தொடங்கும் தத்துவம்: புதிதாக வருகிறவர்களுக்கு

தத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். ஒன்று, கிரேக்கத்தில் தொடங்கிப் பிரான்ஸில் முடிகிற தடிமனான வரலாற்றுப் புத்தகம் ஒன்றை வாங்கி, நாற்பதாவது பக்கத்தில் மூடி வைப்பது. இன்னொன்று, யூடியூபில் ஒருவரைக் கேட்கத் தொடங்கி, ஆறே மாதத்தில் அவர் சொல்வதையெல்லாம் அவர் குரலிலேயே திருப்பிச் சொல்வது. முதல் வழியில் பெயர்கள் மிஞ்சும். இரண்டாவதில் குரு மிஞ்சுவார். நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் நடந்த சண்டையை இரண்டுமே தொடாது.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற ஒரு கேள்வியை எடுத்து, தத்துவம் கேள்விகளைக் கையாளுகிற விதத்தில் கையாண்டு பார்ப்பது. புத்தகம் நடுவில் வரும், முதலில் வராது. வேண்டியவை ஒரு நோட்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம், உங்களை எதிர்த்துப் பேசத் தயங்காத ஒரு ஆள்.

உதாரணத்துக்குக் கடைசிவரை மொய்யையே எடுத்துக்கொள்கிறேன். மண்டப வாசலில் மேஜை போட்டு, ஒருவர் பெயரையும் ஊரையும் கேட்டுக் காசை எண்ண, இன்னொருவர் நீள நோட்டில் எழுதுவார். இப்போது பல ஊர்களில் கம்ப்யூட்டரில் தட்டி ரசீதும் கொடுக்கிறார்கள். அதே மொய்தான். கொடை எது, கடன் எது, நன்றி என்றால் என்ன, சொன்ன சொல் யாரைக் கட்டும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் அந்த நோட்டுக்குள் இருக்கின்றன.

படி 1: வாயில் வருவதை எழுதுங்கள்

"எனக்கு இந்தத் தத்துவமெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்கிறவரிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் பத்துத் தத்துவமாவது வந்து விழும். இத்தாலியின் அந்தோனியோ கிராம்சி இதைச் சிறைக்குள் இருந்துகொண்டு எழுதினார். 1926இல் முசோலினி அரசு அவரைப் பிடித்துப்போட்டது. 1929 முதல் நோட்டுப் புத்தகங்களில் எழுதத் தொடங்கினார். எல்லா மனிதர்களும் தத்துவவாதிகள்தான் என்பது அவர் வாதம். பேசுகிற மொழியில், ஊர்ப் பொதுப்புத்தியில், சாமி கும்பிடுகிற பழக்கத்தில் ஒரு உலகப்பார்வை ஏற்கெனவே இருக்கிறது; நாம் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்.

ஆகவே முதல் வாரம் வேறெதுவும் செய்ய வேண்டாம். நீங்களும் வீட்டாரும் முடிவெடுக்கிற நேரத்தில் சொல்கிற வாசகங்களை மட்டும் சொன்னபடியே எழுதுங்கள். "நாலு பேரு என்ன சொல்வாங்க." "எல்லாம் தலையெழுத்து." "செஞ்சவங்களுக்குத்தான் செய்யணும்." "பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்." "நம்ம மனசாட்சிக்குத் தெரிஞ்சா போதும்." திருத்த வேண்டாம், அழகாக்க வேண்டாம்.

வார முடிவில் பக்கத்தைப் பார்த்தால் இரண்டு வாசகங்களாவது ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் பையனிடம் "முயற்சி பண்ணினா முடியாததே இல்லை" என்றிருப்பீர்கள். சாயங்காலம் வராத வீட்டுக்கடனைப் பற்றி "நடக்கிறதுதான் நடக்கும்" என்றிருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. "ஊழிற் பெருவலி யாவுள" என்று 380ஆம் குறளில் கேட்ட வள்ளுவர்தான், 620இல் உலைவின்றி உழைப்பவர் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்போது எதைச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கிற இடத்தில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. நமக்குத் தோல்வி வந்தால் விதி, அடுத்தவனுக்கு வந்தால் அவன் சோம்பேறித்தனம் என்று பிரித்துவைத்திருக்கிறோமா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

படி 2: ஒரே ஒரு கேள்வி

கடவுள் உண்டா, வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்பவற்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவை சின்னக் கேள்விகள் என்பதால் அல்ல. பழகாத கையோடு அவற்றை எடுத்தால் ஏற்கெனவே நம்புவதைத்தான் இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கிற சோதனை: விடை மாறினால் அடுத்த மாதம் நீங்கள் செய்யப்போகிற ஏதாவது ஒன்று மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது உங்கள் கேள்வி இல்லை, யாரிடமோ இரவல் வாங்கியது. "நாம் 2,000 எழுதிய வீட்டில் நமக்கு 500 எழுதினால் கோபப்படுவது நியாயமா?" என்பது நல்ல கேள்வி. அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது கவரில் எவ்வளவு வைப்பது என்பதை அது மாற்றும்.

படி 3: சண்டையை மூன்றாகப் பிரியுங்கள்

இது கொஞ்சம் சலிப்பான வேலை. ஆனால் பாதிச் சண்டைகள் இங்கேயே முடிந்துவிடும் என்பதால் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு வீட்டுப் பேச்சை எடுத்துக்கொள்வோம்.

"உங்க சித்தப்பா வீட்டுக்கு நாம 2,000 எழுதினோம். நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு அவங்க 500தான் எழுதியிருக்காங்க."

"அவங்க கஷ்டத்துல இருக்காங்க, விடு."

"கஷ்டத்துல இருக்கறவங்கதான் போன மாசம் வண்டி எடுத்தாங்களா?"

"மொய்ங்கறது பிரியப்பட்டுச் செய்யறது. கணக்குப் பார்க்கக் கூடாது."

"அப்புறம் எதுக்கு நோட்டு?"

இந்த ஐந்து வரிக்குள் மூன்று வகைச் சண்டை கலந்து கிடக்கிறது. எவ்வளவு எழுதினோம், வண்டி தவணையில் எடுத்ததா, கஷ்டம் உண்மையா என்பவை தகவல் பற்றிய சண்டை. நோட்டைப் புரட்டினாலோ ஒரு போன் போட்டாலோ தீர்ந்துவிடும். இதைத் தத்துவத்தால் தீர்க்கப் பார்ப்பது வீண்வேலை. மொய் பிரியத்தில் கொடுப்பதா, திருப்ப வேண்டியதா என்பது பொருள் பற்றிய சண்டை. இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திருப்ப வேண்டியதுதான் என்று ஒத்துக்கொண்டாலும், கஷ்டத்தில் இருப்பவர் மேல் கோபப்படலாமா என்பது மூன்றாவது வகை. எது நியாயம், எது முறை என்ற சண்டை அது.

"அப்புறம் எதுக்கு நோட்டு?" என்ற கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? கணவர் கொடுத்த விளக்கத்தோடு பொருந்தாத ஒரு நடப்பை அந்தம்மா தூக்கிக் காட்டுகிறார். தத்துவ வகுப்பில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். அடுத்த படியே அதுதான்.

படி 4: விதியை வெளியே எடுத்து, உடைத்துப் பாருங்கள்

நம் கோபத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு விதி இருக்கும். அதை முழு வாக்கியமாக எழுதுங்கள்: "மொய் என்பது வட்டியில்லாக் கடன். வாங்கியவர் திருப்ப வேண்டும்." பிறகு அந்த வாக்கியம் பொருந்தாத இடத்தைத் தேடுங்கள்.

பிளேட்டோவின் 'குடியரசு' இப்படித்தான் தொடங்குகிறது, அதுவும் ஒரு கடன் விவகாரத்தில். பிரேயஸ் துறைமுகத்தில் செஃபலஸ் என்ற வயதான பணக்காரர் வீட்டில் பேச்சு நடக்கிறது. உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் நீதி என்கிற அர்த்தத்தில் பெரியவர் பேசுகிறார். சாக்ரடீஸ் கேட்கிறார்: புத்தி தெளிவாக இருந்தபோது ஒரு நண்பர் உங்களிடம் ஆயுதத்தைக் கொடுத்து வைத்தார், இப்போது புத்தி பேதலித்த நிலையில் வந்து கேட்கிறார், திருப்பிக் கொடுப்பீர்களா? யாரும் கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் விதி அப்படியே நிற்காது. செஃபலஸ் பூஜை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறார். விவாதம் சூடாகும்போது "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போகிற பெரியவர்கள் ஏதென்ஸிலும் இருந்திருக்கிறார்கள்.

நம் விதியை இதே முறையில் சோதிப்போம். முப்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் அப்பாவுக்கு 51 ரூபாய் எழுதியவர் வீட்டில் இன்று விசேஷம். 51 ரூபாய் வைத்தால் கடன் தீர்ந்ததா? வாங்கிச் சிரிப்பார்கள். எழுதியவர் இறந்துவிட்டார், மூன்று மகன்கள் பாகம் பிரிந்துவிட்டார்கள். யாருக்குத் திருப்புவது? கடன் என்றால் கேட்டு வாங்கலாமே, ஏன் அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்வரை காத்திருக்கிறோம்? ஆக, கடன் என்பது முழுசாகப் பொருந்தவில்லை.

சரி, விதியை மாற்றுவோம்: "மொய் அன்பளிப்பு." அன்பளிப்பென்றால் எழுதி வைப்பானேன், சில ஊர்களில் மைக்கில் அறிவிப்பானேன்? பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை; மொய்க்காகவே கறிவிருந்து. லட்சக்கணக்கில் சேரும். அந்தப் பணத்தில் கடை வைத்தவர்கள், கிணறு வெட்டியவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. அங்கே போய் "இது வெறும் அன்பளிப்புதானே" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்ப முடியாது.

மூன்றாவது முயற்சி: "மொய் என்பது ஊர் கூடி ஒவ்வொரு வீட்டையும் முறைவைத்துத் தூக்கிவிடுகிற ஏற்பாடு." இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் இதற்கும் ஒரு எதிருதாரணம் இருக்கிறது. அதை ஏழாவது படியில் ஒரு தையல்காரப் பெண்மணி சொல்வார்.

விதி உடைந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உடைந்த இடத்தை மட்டும் சேர்த்து விதியைத் திருத்தி எழுதுங்கள். மூன்று நான்கு முறை திருத்தியபின் கிடைக்கிற வாக்கியம் முதல் வாக்கியத்தைவிட நீளமாக, அழகில்லாமல் இருக்கும். சுருக்கமாகவும் கவர்ச்சியாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருகிற வாசகங்களுக்குத்தான் அந்த லட்சணம்.

படி 5: எதிர்க்கட்சியை நீங்களே பேசுங்கள்

இந்தப் பழக்கத்தை மேற்கே போய்த் தேட வேண்டியதில்லை. சைவ சித்தாந்த சாத்திரங்களில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பகுதி: பரபக்கம் (பிறர் கட்சி), சுபக்கம் (தன் கட்சி). தன் கொள்கையைச் சொல்வதற்கு முன்னால் கண்ணால் காண்பதே உண்மை என்கிற உலகாயதரில் தொடங்கி எதிர்க் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, பிறகு மறுக்கிறார். அதற்கும் முந்தி, மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஆண் துறவி வேடத்தோடு போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் "உன் கொள்கை என்ன" என்று கேட்டுக்கொண்டே நடக்கிறாள். குறுக்கே விழுந்து மறுக்காமல் முதலில் கேட்கிறாள்.

உங்களுக்கு வேலை இதுதான். உங்களோடு ஒத்துப்போகாதவரின் கட்சியை ஐந்து வரியில் எழுதி, அவரிடமே காட்டுங்கள். "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று அவர் சொல்கிறவரை திருத்துங்கள். "நீ என்னைக் கிண்டல் பண்றே" என்றால் இன்னும் முடியவில்லை.

நீங்கள் "மொய் வேண்டாம் என்று பத்திரிகையிலேயே போட்டுவிடலாம், தொல்லை விட்டது" என்கிற கட்சி என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்கட்சி இப்படிப் பேசும்: நீங்கள் இத்தனை வருஷம் எங்கள் வீட்டுக்கெல்லாம் செய்துவிட்டீர்கள். இப்போது நாங்கள் திருப்பிச் செய்ய வந்தால் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் நாங்கள் எப்போதும் உங்களுக்குக் கடன்பட்டவர்களாகவே இருக்க வேண்டுமா? வசதி உள்ளவருக்கு வேண்டாம் என்று சொல்வது பெருந்தன்மை, எங்களுக்கு அது அவமானம். இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு லேசில்லை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தன் புகழ்பெற்ற கட்டுரையில், பல சமூகங்களின் கொடை வழக்கங்களை ஆராய்ந்து மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். வாங்க மறுப்பதும் உறவை முறிப்பதுதான். நம் ஊர்க் கிழவிகளிடம் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

படி 6: இப்போது புத்தகத்தைத் திறங்கள்

இதுவரை வந்தவருக்குப் படிக்கிற கண் மாறியிருக்கும். கேள்வி கையில் இருப்பதால் புத்தகத்தில் எதைத் தேடுவது என்று தெரியும்.

வீட்டிலிருக்கும் குறளிலேயே ஆரம்பிக்கலாம். ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23ஆம் அதிகாரம். இரண்டும் கொடுப்பது பற்றித்தான், ஆனாலும் வள்ளுவர் தனித்தனியாக வைத்திருக்கிறார். 221ஆம் குறள்:

வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம்
குறியெதிர்ப்பை நீர துடைத்து.

இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை. மற்றதெல்லாம் அளந்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுக்கிற கைமாற்று வகை. இதன்படி நம் மொய் ஈகைக் கணக்கில் வராது. முந்தைய அதிகாரத்தின் முதல் குறளோ, கைம்மாறு எதிர்பாராத மழையைக் காட்டி, உலகம் அதற்கு என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று கேட்கிறது. மொய் அங்கேயும் முழுசாகச் சேராது. அப்படியானால் அது எங்கே நிற்கிறது? இந்தக் கேள்வியோடு இரண்டு அதிகாரங்களையும், பரிமேலழகர் உரையையும் இன்னொரு புது உரையையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறளா இது என்று தோன்றும். புறநானூறு 134இல் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடும்போது, இந்தப் பிறவியில் செய்தால் அடுத்த பிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிற "அறவிலை வணிகன்" அவன் அல்லன் என்கிறார். புண்ணியத்துக்கும் நோட்டுப் போடுகிறவர்களை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ரோமாபுரியின் செனெகா உதவி செய்வது பற்றியே ஏழு பாகத்தில் ஒரு நூல் எழுதினார். கொடுத்தவர் உடனே மறக்க வேண்டும், வாங்கியவர் மறக்கவே கூடாது என்பது அவர் விதி. எனக்குப் பிடித்தது அதைவிட நுட்பமான இன்னொன்று: எப்படியாவது சீக்கிரம் திருப்பிவிட வேண்டும் என்று துடிக்கிறவரிடம் இருப்பது நன்றியுள்ளவர் மனம் இல்லை, கடன்காரர் மனம் என்கிறார். "அவங்க மொய்யை முடிச்சுவிட்டுரணும்" என்று அவசரப்படுகிற நம் வீடுகளை நினைத்துக்கொண்டு படித்தால் சுருக்கென்று இருக்கும்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் கடினமானவர், முதல் வருஷத்தில் முழுசாகப் படிக்க வேண்டாம். ஆனால் 1785இல் வந்த ஒழுக்கவியல் நூலில் அவர் தருகிற ஒரு உதாரணம் போதும். திருப்ப முடியாது என்று தெரிந்தும் திருப்புவேன் என்று சொல்லிக் கடன் வாங்குகிறவர். எல்லோரும் இப்படிச் செய்தால் வாக்குறுதியை நம்ப ஆளே இருக்காது. பிறகு அந்தப் பொய்யும் வேலை செய்யாது. திருப்பிச் செய்கிற உத்தேசமே இல்லாமல் மொய் விருந்து வைக்கிறவரை இதில் பொருத்திப் பாருங்கள். சித்தப்பா அந்த ரகம் இல்லை. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, அவரால் திருப்ப முடியவில்லை. இந்த வேறுபாடு தெரிந்தாலே வீட்டுச் சண்டையில் பாதி வெப்பம் இறங்கிவிடும்.

படிக்கிற முறை: ஒரு தடவைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வாசிப்பில் இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதில் எங்கிருந்து எங்கே தாவுகிறார் என்று. மூன்றாவதில் உங்கள் மொய்யைக் கொண்டுபோய் மோதவிடுங்கள். தமிழிலேயே படிக்க விரும்பினால் ராஜாஜி ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸையும் சாக்ரடீஸையும் தமிழில் தந்திருக்கிறார். நடை பழையது, ஆனால் தடுக்கி விழவைக்காது.

படி 7: ஆள் சேர்த்துப் பேசுங்கள்

தனியாக யோசிப்பதில் ஒரு ஆபத்து: நம்மை நாமே எளிதில் ஜெயித்துவிடுவோம். அதனால் மூன்று பேராவது வேண்டும். பாரிஸில் 1992இல் மார்க் சோத்தே என்பவர் பாஸ்டில் சதுக்கத்தில் உள்ள ஒரு காபிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஆட்களைச் சேர்த்துப் பேச ஆரம்பித்தார். வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலை இல்லாதவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். அன்றைய கேள்வியை வந்தவர்களே முன்வைப்பார்கள். அது பிரான்ஸ் முழுக்கவும் வெளிநாடுகளிலும் பரவியது. அதற்கு எழுபது வருஷம் முன்பே, 1922இல், ஜெர்மனியின் லியோனார்ட் நெல்சன் சாக்ரடீஸ் முறையைப் பற்றி ஆற்றிய உரையில் சொன்னதன் சாரம்: பேச்சை நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்லி முடித்துவைக்கக் கூடாது, பங்கேற்கிறவர்களையே யோசிக்கவைக்க வேண்டும்.

நமக்குப் பட்டிமன்றப் பழக்கம் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. பட்டிமன்றத்தில் கட்சி முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கும், கைதட்டல் உண்டு, நடுவர் தீர்ப்புச் சொல்வார். இங்கே மூன்றும் கூடாது. பேச்சின் நடுவே கட்சி மாறுகிறவர்தான் அன்றைய கூட்டத்தின் லாபம். வாட்ஸ்அப் குடும்பக் குழுவும் இதற்கு ஆகாது. முகம் தெரியாத இடத்தில் "யோசிக்கிறேன்" என்று சொன்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

நான் கேட்ட பேச்சு ஒன்று. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு நூலகத்தின் பின் வராந்தா. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தையல்கடை வைத்திருக்கும் பெண்மணி, கல்லூரி மாணவன், இன்னும் இரண்டு பேர்.

தபால்காரர் சொன்னார்: "மொய் யாரையும் கெடுக்கலை தம்பி. இன்னிக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. சுத்தி வரும்."

தையல்கடை அக்கா மெதுவாகக் கேட்டார்: "எனக்கு எப்ப அண்ணே சுத்தி வரும்? நான் கல்யாணம் பண்ணிக்கலை. எனக்குப் புள்ளையும் இல்லை, விசேஷமும் இல்லை. இருபது வருஷமா எழுதிக்கிட்டேதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாணவன் "அப்ப நீங்க எழுத வேண்டியதில்லைக்கா" என்றான்.

"எழுதலைன்னா கூப்பிட மாட்டாங்க தம்பி. எனக்குக் காசு திரும்ப வரணும்னு இல்லை. ஆனா அதைச் சுத்தி வருதுன்னு சொல்லாதீங்க. எனக்கு அது ஊருக்குள்ள நிக்கிறதுக்குக் கட்டுற வரி."

தபால்காரர் தன் வாக்கியத்தைத் திருத்தினார்: "விசேஷம் வைக்கிறவங்களுக்கு மட்டும் சுத்தி வரும்னு சொல்லணும் போலிருக்கு." மூன்றாவது விதிக்கான எதிருதாரணம் இதுதான். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

கூட்டத்துக்குச் சில நடைமுறைகள்:

- உதாரணம் சொந்த அனுபவத்திலிருந்து மட்டும். "வெளிநாட்டுல எல்லாம்" என்று ஆரம்பிப்பவரைச் சிரித்துக்கொண்டே நிறுத்துங்கள்.
- பெயரைச் சொல்லி வாயடைக்கக் கூடாது. பெரியார் சொன்னார், விவேகானந்தர் சொன்னார் என்றால், அவர் சொன்ன காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.
- நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் "இப்ப நாம எங்க நிக்கிறோம்" என்று தொகுக்க வேண்டும்.
- ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள், முடிவு வராவிட்டாலும்.

ஊரில் ஆள் கிடைக்கவில்லையா? வேறு தலைமுறையைச் சேர்ந்த ஒரே ஒருவர் போதும். பாட்டியோ பன்னிரண்டு வயது மகளோ. உங்கள் வயதுக்காரர்களைவிட அவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும்.

படி 8: முடிவெடுத்து, தேதி போடுங்கள்

யோசித்துக்கொண்டே இருப்பது சுகமான வேலை, அதற்கு அடிமையாகிவிடக் கூடாது. நோட்டில் "இப்போதைக்கு எங்கள் வீட்டில்" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். எங்களைவிட வசதி குறைந்தவர்களிடம் நோட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. விசேஷம் வைக்க வாய்ப்பில்லாதவர்கள் எழுதினால், அவர்களுக்கு வேறு நேரத்தில், மருத்துவச் செலவிலோ வீட்டு வேலையிலோ, செய்வது எங்கள் பொறுப்பு. வாங்க மறுப்பதில்லை, கேட்பதுமில்லை. இது உதாரணம்தான், உங்கள் வீட்டுக்கு வேறு மாதிரி வரும். கீழே தேதி போட்டு ஒரு வருஷம் கழித்துத் திருப்பிப் பாருங்கள்.

இரவில் ஐந்து நிமிஷம் இதற்கென்று ஒதுக்க முடிந்தால் நல்லது. செனெகா அப்படிச் செய்தார். விளக்கை எடுத்த பிறகு, அவர் பழக்கம் தெரிந்த மனைவியும் பேசாமல் இருக்க, அன்றைய நாளில் சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொள்வார். தன்னைத் திட்டிக்கொள்வதற்காக அல்ல. "இனி இப்படிச் செய்யாதே, இந்தத் தடவை மன்னிக்கிறேன்" என்கிற தொனியில்தான் அந்த விசாரணை முடியும்.

எங்கே நிறுத்த வேண்டும்

கற்றுக்கொண்ட புதிதில் எல்லோரையும் "எந்த அர்த்தத்துல சொல்றீங்க?" என்று மடக்கத் தோன்றும். எதிருதாரணத்தை முதலில் உங்கள் வாக்கியங்கள் மீது மட்டும் ஏவுங்கள். துக்க வீட்டில், ஆஸ்பத்திரி வாசலில், அழுதுகொண்டிருப்பவர் முன்னால் இந்த வேலையே வேண்டாம். அங்கே கூட உட்கார்ந்திருந்தால் போதும். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் மனம் கலங்கியிருந்தால் டாக்டரைப் பாருங்கள், தத்துவம் காத்திருக்கும்.

இன்னொன்று. நம் கையில் உள்ளது, இல்லாதது என்று ரோமாபுரிக் காலத்துத் தத்துவவாதி எபிக்டெடஸ் பிரித்ததை "எதையும் கண்டுக்காதே" என்று மாற்றி விற்கிறார்கள். அடிமையாகப் பிறந்து வளர்ந்தவர் அவர். மகன், சகோதரன், குடிமகன் என்று அவரவர் உறவுக்குரிய கடமைகளைச் செய்யச் சொல்லி வற்புறுத்தியவரும் அவரே. சம்பளம் தராத முதலாளி "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று உபதேசம் செய்தால், மூன்றாம் படிக்குப் போங்கள். அது தகவல் பற்றிய சண்டை. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியது.

மொய் முடிந்ததும் அடுத்ததற்கு இவற்றில் ஒன்றை எடுக்கலாம். வயதான அம்மாவிடம் நோயின் பெயரை மறைக்கலாமா? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு "சுத்தத்துக்காக" என்று சொல்வது யாரை ஏமாற்ற? பிள்ளையின் மார்க்கைப் பக்கத்து வீட்டில் சொல்லும்போது நாம் கொண்டாடுவது யாரை? இரண்டாவதை எடுப்பதாக இருந்தால், அந்த அக்காவையும் பேச்சில் உட்காரவைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.